முதல் கையெழுத்து

தெற்கு இனித் தனி நாடு என்ற பிரகடனத்தில் முதல் கையெழுத்துப் போட்டவர் நீதிபதி வேதமாணிக்கம். அந்தப் பேனாவைச் சட்டசபையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் கும்பிடாத குறையாகக் காத்தார்கள். வடக்கோடு போர் மூண்டது. வடக்கு எல்லைப் போர்முனையை விட்டு ஓடிவந்த இசக்கி என்ற தெற்குச் சிப்பாய் பிடிபட்டான். தீர்ப்பெழுத அதே பேனாவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார் மேஜர்.

"தூக்குன்னு எழுதுங்கய்யா. உங்க ராசியான பேனா."

வேதமாணிக்கம் கூண்டைப் பார்த்தார். "ஏம்ப்பா ஓடி வந்தே?"

"எதுத்தாப்புல துப்பாக்கியோட நின்னது, வடக்க கட்டிக்குடுத்த எங்கக்கா மவன், எசமான். சுட மனசு வரல."

நீதிபதி பேனாவின் மூடியைக் கழற்றினார். முள்ளை மேஜைமேல் ஊன்றி அழுத்தினார். படக்கென்று உடைந்தது. மரண தண்டனை எழுதிய பேனாவை நீதிபதிகள் அப்படி உடைப்பதுதான் வழக்கம். இசக்கி கண்களை மூடிக்கொண்டான். மேஜர் திருப்தியோடு தாளை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரு எழுத்துகூட இல்லை.

"எழுதாமலே உடைச்சிட்டீங்க! அப்ப தூக்கு யாருக்கு?"

"இதே பேனாவுல அன்னைக்கு நான் போட்ட கையெழுத்துக்கு."

காவலுக்கு நின்ற சிப்பாய்களின் துப்பாக்கிகள் நீதிபதியின் மேடைப் பக்கம் திரும்பின.

"இது ராஜத்துரோகம்யா" என்றார் மேஜர்.

"தெரியும். அந்தச் சட்டத்தை எழுதினதே நான்தான்."

வேதமாணிக்கம் படியிறங்கி வந்து, கூண்டின் கதவைத் தாமே திறந்து உள்ளே கால் வைத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுப்பா" என்றார் இசக்கியிடம்.