கறுப்பின் பதில்

"இன்னைக்கு எனக்கு வெள்ளைக் காய் வேணும், மாஸ்டர்."

அந்த வீட்டில் கேட்கக் கூடாதது அது ஒன்றுதான். செஸ் படிக்கச் சேர்ந்த அன்றே சொல்லிவிட்டார். எதை வேண்டுமானாலும் கேள், வெள்ளையை மட்டும் கேட்காதே.

மாஸ்டர் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது.

"டிகிரி வாங்கின திமிர்ல வாய் நீண்டுடுச்சு."

ஆமாம், நீண்டுவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மூட்டை தூக்கித்தான் என்னைப் படிக்க வைத்தார். பட்டம் வாங்கியும் வேலைக்குப் போகாமல் இந்த அறையில் வந்து உட்கார்ந்ததற்கு ஒரே காரணம் மாஸ்டர் கொடுத்த வாக்கு. கறுப்புக்கான ஓபனிங்குகளை, அதாவது தொடக்க ஆட்டங்களை, முழுசாகக் கட்டி முடி, பெரிய போட்டிக்கு நானே உன் பெயரைக் கொடுக்கிறேன்.

கட்டினேன்.

வெள்ளை ராஜாவின் முன்னால் நிற்கும் சிப்பாயைத் தள்ளினால் கறுப்பின் பதில் சிசிலியன் என்கிற தற்காப்பு. ராணியின் முன்னால் நிற்பதைத் தள்ளினால் வேறொன்று. குதிரையை நகர்த்தினால் அதற்கும் ஒன்று. அவர் வெள்ளையை நகர்த்துவார், நான் பதில் ஆடுவேன். என்ன பதில், ஏன் அந்தப் பதில் என்று ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"கேக்கலை, இன்னும் சத்தமா" என்பார்.

காது மந்தம், பாவம் மனுஷன் என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன்.

முடிகிற நேரம் பார்த்து எங்காவது ஓர் ஓட்டையைக் கண்டுபிடிப்பார். மறுபடி முதலிலிருந்து. அதற்குள் பெயர் கொடுக்கும் தேதி போய்விடும். அடுத்த வருஷம் பார்ப்போம் என்பார். அடுத்த வருஷமும் அதையே சொல்வார். அப்பாவின் முதுகு இப்போது மூட்டை இல்லாமலே வளைந்திருக்கிறது.

"வெள்ளையைக் குடுங்க" என்றேன் மறுபடியும்.

அவர் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன்.

ஜன்னல் வெளிச்சம் எதிர்ச் சுவரில் சாய்ந்து விழுந்தது. இத்தனை காலமும் என் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர். இந்த நாற்காலியிலிருந்து பார்த்தால்தான் அது தெரிந்தது.

வட்டமாக ஓர் எண்ணெய்க் கறை. ஒரே இடத்தில் தலை சாய்ந்து சாய்ந்து படிகிற கறை.

நான் தலைக்கு எண்ணெய் வைப்பதே இல்லை.

கறை இருந்ததும் உட்கார்ந்திருப்பவளின் தலை படுகிற இடத்தில் இல்லை. நிற்கிற ஆளின் உயரத்தில் இருந்தது.

கறுப்பின் நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட மாஸ்டர் ஒருநாளும் விட்டதில்லை.

"நீங்க கறுப்புல உக்காருங்க." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நான் எதுக்கு?" என்றார். விளையாட்டுக்குச் சொன்ன மாதிரி இல்லை. அறையை விட்டு வெளியே போய்விட்டார்.

போட்டிக்கு என் பெயரைக் காலையில் நானே கொடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். இந்தப் பலகையில் ஒரே ஒரு தடவை நான் முதலில் நகர்த்த வேண்டும், அது மட்டும்தான் பாக்கி.

ராஜாவின் முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். பலகைக்குப் பக்கத்திலிருந்த ஆட்டக் கடிகாரத்தை அழுத்தினேன். காலி நாற்காலிக்கு நேரம் ஓட ஆரம்பித்தது.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மாஸ்டர் வாசல் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். அந்த அறைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு நீண்ட நடையும் கூடமும் இருக்கின்றன. வீட்டில் வேறு யாரும் கிடையாது. தெருவில் லாரி ஒன்று நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது.

செருப்பில் கால் நுழைக்கும்போது உள்ளே 'டக்'கென்று ஒரு சத்தம். நகம் வெட்டினால் கேட்குமே, அவ்வளவுதான். கேட்டதா, பிரமையா என்று எனக்கே நிச்சயமில்லை.

மாஸ்டரின் முகம் மலர்ந்துவிட்டது.

"பதில் வந்துடுச்சு. போ, உன் முறை."

அந்த லாரிச் சத்தத்திலும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

அப்படியென்றால் இத்தனை காலமும் நான் யாருக்குக் கேட்கக் கத்தினேன் என்று அவரிடம் கேட்கவில்லை. என்ன பதில் என்று போய்ப் பார்க்கவும் இல்லை. சிசிலியன்தான்.

உள்ளே என் நேரம் ஓடிக்கொண்டிருக்கும். ஓடட்டும்.

படி இறங்கினேன்.