புள்ளி விழாத மத்தியானம்

"நானும் எத்தனை நாளைக்குத்தான் பாத்தும் பாக்காத மாதிரி இருக்கறது அக்கா? மத்தியானத்துல அப்பா ரூம்ல ஆளே இருக்கறதில்ல," என்று தம்பி மடிக்கணினியை அக்கா பக்கம் திருப்பினான்.

திரை கறுப்பாக இருந்தது. காலையில் அதே திரையில் வெள்ளைப் புள்ளிகள் மொய்த்துக் கிடந்தன. அக்கா அப்பாவுக்குத் தலை வாரியது, போர்வையை உதறியது எல்லாம் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றுமே இல்லை.

பக்கவாதம் வந்ததில் அப்பாவுக்கு வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. அவர் கட்டிலுக்கு எதிரே இந்தப் புள்ளிகளை அனுப்பும் மின்னணுக் கண்ணை மாட்டியவன் தம்பிதான். மூளையைப் போல வேலை செய்கிற சிப் செய்வது அவனுடைய ஆராய்ச்சி. சாதாரண கேமரா மாதிரி அது படம் பிடிக்காது என்று முதல் நாளே அக்காவுக்கு விளக்கியிருந்தான். நம் நரம்புகள் சும்மா சும்மா பேசுவதில்லை, ஏதாவது மாறினால்தான் துடிக்கும், இதுவும் அப்படித்தான், எதிரே ஏதாவது அசைந்தால்தான் திரையில் புள்ளி வைக்கும். மூச்சு விடுவது, திரைச்சீலை ஆடுவது இதையெல்லாம் பொருட்படுத்தாமல் இருக்கவும் அதைப் பழக்கியிருந்தான். அப்பா கட்டிலிலிருந்து விழுந்தால் உடனே தெரியவேண்டும், அவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தில் யாராவது ஒருவர் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

"நான் அங்கதான்டா இருந்தேன். அப்பா பக்கத்துல, நாற்காலியில."

"உக்காந்திருந்தா கை கால் அசையாதா? கொட்டாவி விட்டாக்கூட புள்ளி விழும். மனுஷங்க யாரும் அப்படி மரக்கட்டையா உக்கார மாட்டாங்க அக்கா."

அக்கா அவனை ஒரு பார்வை பார்த்தாள். "ஊருக்கே மூளை செஞ்சு தர்றவன். கூடப் பொறந்தவ சொன்னா நம்பறதுக்கு ஒண்ணு செஞ்சுக்கலையா நீ?"

தம்பிக்கும் மனசு கேட்கவில்லைதான். அப்பாவுக்காகக் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு வந்தவள் அவள். அலுத்துப் போயிருக்கும், பாவம், வாசல் பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறாள் போலிருக்கிறது, அதை ஒத்துக்கொண்டால்தான் என்ன என்று நினைத்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து அப்பா விழுந்து வைத்தால்? முதியோர் இல்லத்தில் பேசி இடமும் வாங்கிவிட்டான். சாயங்காலம் வண்டி வரும் என்றான்.

"புது இடத்துல அவருக்குத் தூக்கம் வராதுடா," என்று மட்டும் சொன்னாள் அக்கா. அப்பாவின் துணிகளை மடித்து வைக்கப் போய்விட்டாள்.

தம்பி கைபேசியைக் கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டு அப்பாவிடம் வந்தான். சாப்பிட்டு முடித்து அப்பா கண் சொருகிக் கிடந்தார். அவன் நாற்காலியில் உட்கார்ந்ததும், நன்றாக இருந்த அந்த இடது கை போர்வைக்குள்ளிருந்து வந்து எதையோ தேடியது. தம்பி தன் கையைக் கொடுத்தான். அதை இழுத்துக் கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு அப்பா தூங்கிப்போனார்.

கொஞ்ச நேரத்தில் கை மரத்தது. மெதுவாக ஒரு விரலை நகர்த்தினான். அப்பா திடுக்கிட்டு விழித்தார். கண்ணில் அப்படி ஒரு பயம். தொண்டையிலிருந்து சத்தம் வரப் பார்த்து, வராமல் திணறியது.

"இங்கதான்பா இருக்கேன்."

மறுபடி அவர் கண் மூட வெகு நேரம் பிடித்தது. இன்னொரு தரம் முதுகைச் சாய்க்கப் பார்த்தான். அதற்கும் விழித்துக்கொண்டார்.

அதன் பிறகு தம்பி அசையவே இல்லை. மூக்கு அரித்தது. தோள் கழன்று விடும் போல வலித்தது. கூடத்தில் கைபேசி அடித்து ஓய்ந்தது, திரும்பவும் அடித்தது. அந்தச் சத்தத்துக்கெல்லாம் அப்பா விழிக்கவில்லை. தம்பியும் எழுந்திருக்கவில்லை.

அக்கா எடுத்துப் பேசினாள். பிறகு கதவருகே வந்து நின்று, அவனையும், அப்பாவின் கன்னத்துக்கு அடியில் இருந்த அவன் கையையும் பார்த்தாள்.

"உன் லேப்ல இருந்துடா," என்றாள் தணிந்த குரலில். "ரூம் ரொம்ப நேரமா காலியாக் கிடக்காம். அப்பாவை விட்டுட்டு நீ எங்க போயிட்டேன்னு கேக்கறாங்க."