நிமிடத்துக்கு எத்தனை மூச்சு

"எட்டு வாரம் உன்னால தனியா இருக்க முடியுமாம்மா?"

"முடியும்ப்பா. எத்தனை தடவைதான் கேப்ப?"

ரயில் ஜன்னலுக்கு வெளியே நின்ற முகத்தில் கவலை அப்பிக் கிடந்தது. "தண்ணியக் காய்ச்சித்தான் குடிக்கணும். முடியலைன்னா பேசாம திரும்பி வந்துடு. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"நூத்தி இருபது பேர் எழுதிப் போட்டு நாலு பேரைத்தான் எடுத்திருக்காங்க. அதுல ஒருத்தி நான். திரும்பி வரவா போறேன்?"

ரயில் நகர்ந்தது. ஜன்னலோடு கொஞ்ச தூரம் ஓடிவந்த கால்கள் பிளாட்பாரத்தின் விளிம்பில் நின்றுபோயின. அவளுக்குக் கண் கலங்கியது. ஏதோ ஒரு கனவுக்குள் டிக்கெட் எடுத்து ஏறி உட்கார்ந்துவிட்டதைப் போலவும் இருந்தது.

இளநிலை மாணவர்களுக்கான கோடைகால ஆராய்ச்சி அது. உலகமெங்கும் பச்சைக் குழந்தைகளை வாரிக்கொண்டு போகும் நிமோனியாவை, பெரிய வசதி இல்லாத சின்ன கிளினிக்குகளில் எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது என்பதுதான் பொருள். வழிகாட்டியாக வந்த குழந்தைகள் நல டாக்டர் கறார்ப் பேர்வழி.

"இந்தக் கருவியக் குழந்தை வயித்துல வெச்சா நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுன்னு காட்டும். நீங்க கண்ணால பாத்து எண்ணுங்க. ரெண்டும் ஒத்துப்போகுதான்னு எழுதுங்க. எண்ணிக்கை மட்டும் போதும், அபிப்பிராயம் வேண்டாம்" என்றாள் டாக்டர், முதல் நாளே.

"சரிங்க டாக்டர்."

ஆற்றோரத்தில் இருந்தது கிளினிக். காலையில் பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். குழந்தைகளோடு பெண்கள் அதற்குள்ளிருந்து ஒவ்வொருவராக முளைத்து வருவார்கள். உள்ளே வெள்ளைத் திரைச்சீலைகள் காற்றில் உப்பி, அடங்கி, மறுபடி உப்பும். அந்த அறையே மூச்சு விடுவதாக அவளுக்குத் தோன்றும். மற்ற மூன்று மாணவர்களின் கையில் வீறிட்டு அழும் குழந்தைகள் அவள் மடிக்கு வந்தால் கப்சிப். அவள் எண்ணுவாள். முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று, முப்பத்தாறு. கண்ணை மூடினாலும் சின்னச் சின்ன வயிறுகள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.

மாலை ஆறு மணிக்கு போன் வந்துவிடும்.

"சாப்பிட்டியாம்மா?"

"ஆச்சுப்பா."

"பொய் சொல்லாதே. குரல்லயே தெரியுது."

மூன்றாவது வாரம், ஒரு நண்பகல். வரிசை வாசலைத் தாண்டிப் போயிருந்தது. நாலு மாதக் குழந்தை ஒன்று அவள் மடியில் தூங்கியது. கருவி நாற்பத்தாறு என்றது. அவள் எண்ணியதும் நாற்பத்தாறுதான்.

டாக்டர் எட்டிப் பார்த்தாள். "அம்பதுக்குக் கீழதானே? சாதாரண சளி. மருந்து குடுத்து அனுப்புங்க. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

குழந்தையின் அம்மா துணிப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். மடியில் வைத்திருந்தவளுக்கோ குழந்தையைக் கொடுக்கக் கை வரவில்லை.

"டாக்டர், அபிப்பிராயம் வேண்டாம்னு சொன்னீங்க..."

"ஆமா."

"எண்ணிக்கை சரிதான். ஆனா மூச்சை இழுக்கறப்ப நெஞ்சுக்கூட்டுக்குக் கீழ குழி விழுது. இப்ப இல்ல... பொறுங்க... இதோ, இப்ப!"

டாக்டர் எரிச்சலோடுதான் குனிந்தாள். சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க அசையாமல் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "நிமோனியாதான். ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க" என்றாள்.

ஐந்து நாட்கள், ஆஸ்பத்திரியில் அந்தக் குழந்தை கிடந்த படுக்கையையே அவள் மனசு சுற்றிச் சுற்றி வந்தது. ஆறாம் நாள் பனிமூட்டத்துக்குள்ளிருந்து அந்த அம்மா வந்தாள். இடுப்பில் குழந்தை, பொக்கை வாயைத் திறந்து சிரித்தது.

அன்று டாக்டரே அவள் மேசைக்கு வந்தாள். "கருவிக்குத் தெரியாதது மடியில வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியுது. நாளையிலிருந்து நம்ம படிவத்துல ஒரு கேள்வி கூடுது. 'குழந்தையோட மூச்சுல என்ன மாறியிருக்கு?'ன்னு ஒவ்வொரு அம்மாகிட்டயும் கேக்கறோம். அவங்க சொல்றதையும் கருவி சொல்றதையும் வெச்சு ஒப்பிடுறோம். அந்தப் பகுதி உங்களோடது. கட்டுரையில உங்க பேர்லயே வரும்."

மாலை போனில், "அழுதியாம்மா?" என்றது குரல்.

"சந்தோஷத்துலப்பா. கடைசி நாள் நான் மேடை ஏறிப் பேசணுமாம். நீ வந்துடு."

எட்டாவது வாரம். அரங்கு நிறைந்திருந்தது. மைக்கைப் பிடித்தாள். கிளினிக்கின் வெள்ளைத் திரைச்சீலைகளை நினைத்துக்கொண்டாள், மூச்சு சீரானது. கருவி தவறவிட்ட ஒன்பது குழந்தைகளில் ஏழு பேருடைய அம்மாக்கள் முன்பே சரியாகச் சொல்லியிருந்தார்கள் என்று அவள் முடித்ததும் கைதட்டல் எழுந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பேராசிரியர் எழுந்தார். "மத்தவங்க கண்ணுல படாத அந்தக் குழி உங்க கண்ணுல மட்டும் எப்படிப் பட்டுச்சு? புத்தகத்துல படிச்சீங்களா?"

அவள் முன்வரிசையைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

"இல்லைங்க சார். முன்ன ஒரு தடவை காலேஜ்ல ரெண்டாவது வருஷம் படிச்சிட்டிருந்தேன். அப்ப என் மடியில இருந்த நாலு மாசக் குழந்தைக்கு இப்படித்தான் குழி விழுந்துச்சு. அதைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினவ, அப்புறம் காலேஜ் பக்கமே போகலை. முப்பது வருஷம் கழிச்சு, அந்தக் குழந்தையேதான் என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மறுபடியும் சேத்துவிட்டுச்சு. இதோ, முன்வரிசையில உக்காந்து அழறானே, என் மகன்."