தட்டில் ஒன்றுமில்லை

"அந்த ஆள் பேர்ல என்ன இருக்கு? மூணு வருஷமா ஒரு கட்டுரைகூட இல்ல. வேலையை நீட்டிக்க வேண்டாம்னு முடிச்சிடலாமா?"

கேட்டவர் வானியல் துறைத் தலைவர். குழுவில் இருந்த மற்ற மூவரில் இருவர், டீ ஆறுவதற்குள் தலையாட்டிவிட்டார்கள்.

அந்த ஆள் வெளியே நாற்காலியில் காத்திருந்தார். துறையில் அவருக்கு 'ஊர்சுத்தி' என்று பெயர். தன் அறையில் சேர்ந்தாற்போல அரை மணி நேரம் இருக்க மாட்டார். எப்போதும் வேறு யாராவது ஒருவர் அறையில், அவருடைய கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பார். வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். இந்த வேலை போனால் வேறு வேலை இல்லை.

வெளியாளாக வந்திருந்த வேதியியல் மேடம் மட்டும் தலையாட்டவில்லை.

"சார், காலைல உங்க பேச்சைக் கேட்டேன். பிரமாதம்!"

தலைவர் முகம் மலர்ந்தது. இதற்கு மட்டும் அவரிடம் நேரம் உண்டு.

"ஒரு சந்தேகம். நீங்க சொன்ன அந்தச் சுண்டைக்காய் நட்சத்திரத்துக்கு, பூசணிக்காய் மாதிரி கிரகம் எப்படி வந்துச்சு?"

"அதுவா! நட்சத்திரம் பிறக்கும்போது அதைச் சுத்தி வாயுவும் தூசியும் தட்டு மாதிரி சுழலும். அதுலேர்ந்துதான் கிரகம் உருவாகணும். குட்டி நட்சத்திரத்தோட தட்டை அளந்து பார்த்தா, தூசி கொஞ்சூண்டுதான் இருக்கு. உடனே, இதுல பெரிய கிரகம் வரவே முடியாதுன்னு எல்லாரும் கையை விரிச்சுட்டாங்க. அட, தூசியெல்லாம் அதுக்குள்ள கிரகமாத் திரண்டிருக்கலாமே! எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு வந்து, காலிப் பாத்திரத்தைப் பார்த்துட்டு 'இங்க சமைக்கவே இல்ல'ன்னா எப்படி மேடம்?"

"அதேதான் சார். வெளியில இருக்கறவர்கிட்ட ஒண்ணுமில்லைங்கறீங்க. இருந்ததெல்லாம் எங்க போச்சுன்னு பார்த்தீங்களா?"

தலையாட்டியவர்களில் முதலாமவர் இருமினார். "என் கணக்கு ஒரு தடவை தப்பாப் போச்சு. மாசக்கணக்கா உக்காந்து அவர்தான் சரி பண்ணிக் கொடுத்தார்."

இரண்டாமவர் டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "தொலைநோக்கியில எனக்கு ஒதுக்கின முறை மேகமூட்டத்துல வீணாப் போனப்ப, அவரோட முறையை எனக்கு விட்டுக் கொடுத்தார்."

"அப்ப உங்க கட்டுரைகள்ல அவர் பேரு?"

"கடைசியில நன்றின்னு போட்டோமே மேடம்!" என்றார்கள் இருவரும். எவ்வளவு பெரிய மனசு!

தலைவரா அசருவார்?

"மேடம், என் பேச்சை நீங்க முழுசாக் கேக்கலை போலிருக்கு. கடைசிப் படத்தைப் பார்க்கலையா? கிரகம் உருவானதும் தட்டு கலைஞ்சு போயிடும். அது இயற்கை. அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?"

அறிவியலே சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஓட்டெடுப்பில் மூன்று பேர் ஒரு பக்கம், மேடம் ஒரு பக்கம். வேலை போயிற்று.

விஷயத்தைச் சொல்லத் தலைவர் கதவைத் திறந்தார். தொண்டையைச் செருமுவதற்குள் ஊர்சுத்தி ஆவலோடு எழுந்து வந்தார்.

"சார், உங்க காலைப் பேச்சுக்கு நான் எழுதிக் கொடுத்த அந்தக் காலிப் பாத்திர உதாரணம் எடுபட்டுச்சா? கடைசிப் படத்தை இன்னும் கொஞ்சம் பெருசா வரைஞ்சு தந்திருக்கலாமோ?"