அடுத்த கார்டு வரும் வரை

"அண்ணா, கிராபிக்ஸ் கார்டை இப்பவே வாங்கிடட்டுமா, இல்ல புதுசு வர்ற வரைக்கும் பொறுக்கட்டுமா?"

"பொறும்மா. அவசரப்படாத."

ஞாயிற்றுக்கிழமை காலையில் வழக்கமாக வரும் போன். கேட்டவள் வீடியோக்காரம்மா. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் பிழைப்பு. பதில் சொன்னவர் மெக்கானிக். கம்ப்யூட்டர் கடையை இழுத்து மூடிவிட்டு வீட்டோடு இருப்பவர். அவளுடைய கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாக வாங்கி மாட்டிக் கொடுத்ததே அவர்தான்.

"படம் இன்னும் திக்கித் திக்கித்தான் ஓடுதா?"

"நத்தையோட போட்டி வச்சா நத்தை ஜெயிச்சிடும்ணா."

"கொஞ்ச நாள் சமாளி. இப்ப வாங்கிட்டு, புதுசு வந்ததும் வயிறெரியக் கூடாதுல்ல?"

பிறகு பேச்சு கார்டிலிருந்து நழுவி அவருடைய முழங்கால் வலிக்குப் போனது. அங்கிருந்து ஒழுகும் குழாய்க்கு. அங்கிருந்து, நேற்று சமையலில் அவர் இரண்டு தடவை உப்பு போட்ட கதைக்கு. அவள் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

மெக்கானிக் போனை வைத்துவிட்டுத் திரும்பினால், தண்ணீர் கேன் போடுபவர் வாசலிலேயே நின்றிருந்தார்.

"போன வருஷமும் இதையேதான் சார் சொல்லிட்டிருந்தீங்க."

"அது வேற கார்டு."

"அந்தக் கார்டுதான் வந்தாச்சே. எங்க மாப்பிள்ளை கூட வாங்கி மாட்டிட்டாரு."

"அதுக்கு அடுத்தது வருதுல்ல?"

"அதுவும் வந்துட்டா?"

மெக்கானிக் காலி கேனை எடுத்து நீட்டினார்.

"கோவிச்சுக்காதீங்க சார். அந்தம்மா கார்டு வாங்கினா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

மெக்கானிக் போனைத் துடைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"எத்தனையோ பேருக்குக் கார்டு வித்திருக்கேன்யா. வாங்கறதுக்கு முன்னாடி விடாம போன் பண்ணுவாங்க. வாங்கிட்டுப் போனப்புறம், நல்லா ஓடுதுன்னு சொல்ல ஒருத்தர் கூப்பிட்டதில்ல."

கேன்காரர் வீட்டை ஒரு தடவை பார்த்தார். ஜன்னல் ஓரம் ஒரே ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது. மெக்கானிக்கின் மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்தே அந்தக் கொடியில் அவ்வளவுதான். கேன்காரருக்குப் புரிந்தது. ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"அதுக்காக ஒரு பொம்பளை பொழப்புல விளையாடலாமா சார்? வேலை தள்ளிப் போனா நாலு பேரு கண்டபடி பேசுவாங்க. கண்ணு முழிச்சு முழிச்சு அவங்க உடம்பு என்னத்துக்கு ஆகும்?"

சொல்லிவிட்டுக் காலி கேனைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம் மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்தால் திரை தெரிந்தது. திரையில் படம் பாதியில் நின்றது. அதன் முன்னால் அவள் கன்னத்தில் கை வைத்துக் காத்திருந்தாள்.

சனிக்கிழமை பழைய கூட்டாளியின் கடைக்குப் போனார். புதுசுக்குக் காத்திராமல், இப்போது கடையில் இருக்கும் கார்டையே வாங்கினார். அவளுக்குப் போன் செய்யவில்லை. குரலைக் கேட்டால் மறுபடியும் 'பொறும்மா' என்று வாய் தானாகச் சொல்லிவிடும் என்று பயம்.

பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார். இதை மாட்டிவிட்டால் நாளைக்குப் போன் வராது. அடுத்த வாரமும் வராது. நடுவில் ஒரு நிறுத்தத்தில் இறங்கிவிட எழுந்தார். பின்னால் இருந்தவர், "இறங்கறீங்களா, இல்லையா?" என்றார். மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

கதவைத் திறந்தது அவள் தங்கை.

"அக்கா கடைக்குப் போயிருக்கே. நீங்க... ஞாயித்துக்கிழமை அண்ணனா?"

"ஆமாம்மா. உங்க அக்கா வர்றதுக்குள்ள ஒரு சின்ன வேலை. முடிச்சுட்டு ஓடிடறேன்."

அவர் நேரே கம்ப்யூட்டரிடம் போய் உட்கார்ந்து திருப்புளியை எடுத்தார்.

"ஐயோ, அதைத் திறக்காதீங்க! அக்கா வந்துடட்டும்!"

"நான் மாட்டினதுதாம்மா. எனக்குத் தெரியாததா?"

திருகுகள் கழன்றன. பக்கத்துத் தகடு கையோடு வந்தது.

உள்ளே ஒரு கார்டு இருந்தது. அவர் மாட்டிக் கொடுத்தது இல்லை. போன வருஷம், 'அது வர்ற வரைக்கும் பொறும்மா' என்று அவர் சொன்ன அதே கார்டு. இப்போது அவர் மடியில் பெட்டிக்குள் இருப்பதும் அதேதான்.

அதன் விசிறியில் விரலை வைத்து இழுத்தார். தூசி கம்பளி மாதிரி திரண்டு வந்தது. எத்தனை கம்ப்யூட்டர்களைத் துடைத்த கை! நேற்று இன்று சேர்ந்த தூசி இல்லை அது. வந்த சூட்டோடு வாங்கி மாட்டியிருக்கிறாள்.

நிமிர்ந்தார். வாசலில் கடைப் பையோடு அவள் நின்றிருந்தாள். திறந்து கிடந்த கம்ப்யூட்டரையும் அவர் மடியில் இருந்த பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தங்கை மெதுவாக உள்ளே போய்விட்டாள்.

"நல்லா ஓடுதாம்மா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"பறக்குதுண்ணா," என்றாள், தலையைக் குனிந்தபடி.

அவர் தூசியை ஊதித் துடைத்தார். தகட்டைப் பொருத்தினார். திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணா... நீங்க கொண்டு வந்திருக்கிறதை இப்பவே வாங்கிடட்டுமா, இல்ல இதுக்கு அடுத்தது வர்ற வரைக்கும் பொறுக்கட்டுமா?"

அவர் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே? போன்ல கேளும்மா, சொல்றேன்."