இரண்டு தம்ளர்

ஆற்றின் இரு கரையிலும் உள்ள நகராட்சிகள் தங்கள் தண்ணீரை ஒரே தொட்டியில் சேர்த்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். இந்தக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஆறு வருடமாக இழுக்கிறது. பொறியாளரான எனக்குத் தலை நரைத்ததுதான் மிச்சம்.

"அக்கரைத் தண்ணிய எங்க ஜனங்க குடிக்கணுமா? நெனச்சாலே குமட்டுது," என்றார் இன்றைய கூட்டத்தில் இக்கரை நகராட்சித் தலைவர்.

"உங்க தண்ணியில எங்க ஊர் எருமைகூட வாய் வைக்காது," என்றார் அக்கரைத் தலைவர்.

எழுந்து வெளியே போய், இரண்டு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். ஒன்றில் 'இக்கரை', மற்றதில் 'அக்கரை' என்று சீட்டு ஒட்டியிருந்தேன்.

இக்கரைத் தலைவர் தன் ஊர்த் தம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார். "அமிர்தம்!" அடுத்ததை மூக்கருகே கொண்டுபோனவர், "சீ, செத்த எலி நாத்தம்!" என்று தள்ளிவிட்டார்.

அக்கரைத் தலைவர் அதை எடுத்து மடமடவென்று குடித்தார். "தேன்யா இது! உன் தம்ளர்லதான் சாக்கடை வாடை." இக்கரைக்காரர் காலி செய்த தம்ளரை முகர்ந்துவிட்டு, ஜன்னல் வழியே காறித் துப்பினார். "எது சாக்கடைன்னு நீங்களே சொல்லுங்க என்ஜினியரம்மா!"

"ரெண்டுமே வாசல்ல கை கழுவுற குழாய்ல பிடிச்சதுதான் சார்."

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆறு வருடத்தில் இரண்டு ஊரும் ஒத்துப்போன முதல் தீர்மானம்.

என்னை உடனே வேறு ஊருக்கு மாற்ற வேண்டுமாம். தூ!