ஒற்றைச் சுற்று

ஓடைக்கு அந்தப் பக்கத்துச் சோளக்கொல்லையிலிருந்து கிளம்பிய கல்லைப் பார்த்ததும் இருளாயி காவல் பரணில் எழுந்து நின்றுவிட்டாள்.

கல் தாழ்ந்து வந்தது. கதிரைத் தொட்டுவிடும் போல வந்து, கடைசியில் ஒரு முழம் மேலே ஏறி, கிளிக்கூட்டத்தின் நடுவே புகுந்தது.



கொட்டாம்பட்டி வட்டாரத்தில் கவண் சுற்றுகிறவர்களுக்கா பஞ்சம்? ஆனால் எல்லாரும் தலைக்கு மேலே மூன்று சுற்றுச் சுற்றித்தான் கல்லை விடுவார்கள். சுற்றுவதைப் பார்த்தே பாதிக் கிளி பறந்துவிடும். மீதிக் கிளி நின்று வேடிக்கை பார்க்கும்.

இது அப்படி இல்லை. கை கீழே தொங்க வேண்டும். முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. உடம்போடு ஒட்டி ஒரே ஒரு சுற்று. கை தொடையைத் தாண்டுகிற நேரத்தில் மணிக்கட்டை வெடுக்கென்று மேல்நோக்கிச் சுண்டி, கயிற்றின் ஒரு நுனியை விட்டுவிட வேண்டும். தோளில் எத்தனை பலம் இருந்தும் பிரயோசனம் இல்லை. எல்லாம் மணிக்கட்டில்தான் இருக்கிறது.

இந்த வீச்சு வீசுகிற ஆட்கள் அவள் அறிய இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று அவள் புருசன்.

அவன் ரங்கூனுக்குக் கப்பலேறிப் பன்னிரண்டு வருசம் ஆகிறது. முதல் இரண்டு வருசம் கடுதாசி வந்தது. அப்புறம் மூச்சே இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் புருசன் வீட்டில் தனியாகக் கிடந்தவளை, பார்க்கச் சகிக்காமல் அண்ணன் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். இங்கே சோற்றுக்குக் குறைவில்லை, பேசத்தான் ஆள் இல்லை.

போன வருசம் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும், பிழைக்கப் போனவர்கள் காடு மலையெல்லாம் நடந்து ஊர் திரும்பினார்கள். மேலூர்ச் சந்தையில் அப்படி ஒரு ஆள் தட்டுப்பட்டால் போதும், இருளாயி மறித்து நின்று கேட்பாள். அவன் உயிரோடு இருக்கிறானா, அதை மட்டும் சொன்னால் போதும் அவளுக்கு. ஒருத்தரும் சொல்லவில்லை.

இதோ, ஒரு கல் சொல்லிவிட்டது.

“வந்துட்டாரு, வந்துட்டாரு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பரணிலிருந்து குதித்தாள். கொல்லையைக் கிளிகளுக்கே விட்டுவிட்டு ஓடினாள். ஓடையில் முள் குத்தியது தெரியவில்லை. அட, முப்பத்தைந்து வயசுப் பொம்பளை அப்படி ஓடி யார் பார்த்திருக்கிறார்கள்!

அந்தக் கொல்லையின் பரணில் கவணோடு நின்றது ஒரு பெண்.

கொல்லைக்காரன் சின்னானின் அக்கா மகளாம், பெயர் மலையம்மாளாம். பர்மாவிலேயே பிறந்து வளர்ந்தவள். மாமன் வீட்டுக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகிறதாம்.

இருளாயிக்கு மூச்சு வாங்கியது. “இந்த வீச்சு யாரு தாயி சொல்லிக்குடுத்தது?”

“எங்க வீட்டுக்காரருதேன், அக்கா. அவுகளும் இந்தச் சீமைதேன், மதுரைக்கு மேக்கே.”

“அவுக எங்க?”

“வார வழியில, மலையில வாந்திபேதி வந்துருச்சு. அங்கனயே விட்டுட்டு வந்துட்டேன்.”

மலையம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. அழுது தீர்த்திருப்பாள் போல.

பெயர் என்ன என்று இருளாயி கேட்கவில்லை. கேட்டாலும் அவள் சொல்ல மாட்டாள். புருசன் பெயரை எந்தப் பெண்டாட்டி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள்? இவளும்தான் இத்தனை நாளும் சந்தையில் ஊரைச் சொல்லி, அங்கமச்சத்தைச் சொல்லித்தானே விசாரித்தாள்.

ஆனால் இன்னொன்று கேட்டாள். கேட்காமலே இருந்திருக்கலாம்.

“அவுகளுக்கு யாரு சொல்லிக்குடுத்தாகளாம்?”

“அவுக ஆத்தாளாம். அம்புட்டுப் பிரியமாச் சொல்லுவாக.”

பாவி மனுசன்.

அவனுடைய ஆத்தாள் அவன் பால்குடி மறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தவள். கல்யாணம் ஆன புதிதில், கவணைக் கையில் எடுத்தால் தன் முழங்காலிலேயே கல்லைப் போட்டுக்கொள்கிற ஆளாகத்தான் அவன் இருந்தான். ஒரு வெள்ளாமை முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் நின்று, முழங்கையை விலாவோடு அழுத்தி, மணிக்கட்டைப் பிடித்துப் பிடித்துப் பழக்கியவள் இருளாயி. முதன்முதலாகக் கல் மேலே ஏறிய அன்று அவளைத் தூக்கிக்கொண்டு வரப்பு வரப்பாக ஓடினான்.

அவன் செத்ததைக்கூட அவளால் தாங்க முடிந்தது. இதைத் தாங்க முடியவில்லை.

அவள் முகம் போன போக்கைப் பார்த்து மலையம்மாள் பயந்துபோய்ப் பரணிலிருந்து இறங்கி வந்தாள். “என்னக்கா, அவுகளை உங்களுக்குத் தெரியுமா?”

இருளாயி முந்தானையை இழுத்துத் தன் தாலியை மூடிக்கொண்டாள்.

“தெரியாது தாயி” என்றாள்.